சமையலறைக் காற்றுவாய்

வின்னிபெக்கில் அக்டோபர் பிறந்துவிட்டால் காற்றுக்குழாய் சுத்தம் செய்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆறு மாதம் மறந்து கிடந்த, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை ஜனங்கள் அப்போதுதான் முடுக்குவார்கள். முதல் சூடான காற்றோடு வீடெல்லாம் கருகிய தூசி மணக்கும். உடனே மூக்கைப் பொத்திக்கொண்டு ஃபோனைத் தேடுவார்கள். கோடை முழுக்க என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரெஸ்ட் மெல்னிக் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் பிழைப்பு ஓடுமா?

அன்று காலை அவர் கையிலிருந்த தாளில் நான்கு முகவரிகள் இருந்தன. மூன்றாவது, மக்ரெகர் தெரு. பெயர் மிஸஸ் ஸ்டாசியுக். பெயர் அவருக்குப் புதிது, வீட்டு எண் புதிதில்லை. வின்னிபெக்குக்குத் திரும்பி வந்து பத்தொன்பது வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவர் வண்டி நுழைந்ததே கிடையாது. அந்த வழியாகப் போனால் இரண்டு சிக்னல் மிச்சமாகும். ஆனாலும் சுற்றித்தான் போவார். கூட வேலை செய்யும் ஜெர்ரி இதைக் கவனித்து, அந்தத் தெருவில் யாரையாவது கொலை செய்துவிட்டீரா என்று ஒரு தடவை கேட்டான். இன்றைக்குப் பார்த்து ஜெர்ரிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வேலையை அவன் தலையில் கட்டவும் வழியில்லை.

நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருக்கலாம். அவர் தள்ளவில்லை. வீடு எப்போதோ கைமாறியிருக்கும், புது ஆட்கள் இருப்பார்கள், நாம் போய் பேஸ்மென்ட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அறுபத்து நான்கு வயது மனிதர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டியதில்லை.

அந்த பேஸ்மென்ட்டில் அவர் பதினான்கு மாதம் குடியிருந்தார். அது 1974. டாஃபின் பக்கத்துப் பண்ணையிலிருந்து நகரத்துக்கு வந்து, ஒரு தகரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்த இருபத்து மூன்று வயதுப் பையன் அப்போது. வீட்டுக்காரர் பெத்ரோ கிண்ட்ராத், ரயில் பட்டறையில் மேஸ்திரி. மீசையும் குரலும் பெரிது. மனைவி நல்ல சமையல்காரி. ஒரே மகள் தார்கா, டவுனில் ஒரு பெரிய கடையில் கையுறை விற்றாள். ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆறு மாதம் கையுறையோடு அலைகிறவர்கள் என்பதால் அது கொஞ்சம் கௌரவமான வேலைதான்.

பையனுடைய கட்டில் ஃபர்னஸுக்குப் பக்கத்தில் கிடந்தது. கட்டிலுக்கு நேர் மேலே தகரக் குழாய் ஒன்று ஓடி, மேலே சமையலறையில் கழுவுதொட்டியின் காலடியில் போய்த் திறக்கும். அந்தக் காற்றுவாய் வழியாகச் சூடு மேலே போகும், பேச்சு கீழே வரும். இதை முதலில் கண்டுபிடித்தது தார்காதான். பாத்திரம் கழுவும்போது யாரும் இல்லையென்றால் குனிந்து குசுகுசுப்பாள்.

"கீழ்வீட்டுக்காரரே, இன்னிக்கு முட்டைக்கோஸ் உருண்டை. அப்பா எட்டு முழுங்கிட்டார். உமக்கு நாலு ஒளிச்சு வச்சிருக்கேன், மேல்படியில வைக்கட்டுமா?"

அவன் குழாயில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் காதில் விழுந்தது, சரி என்று அர்த்தம். அதற்குமேல் அவனுக்குப் பேச வராது. அவள் பேசிக்கொண்டே இருப்பாள். கடைக்கு வந்த சீமாட்டியின் கைவிரல் எந்தக் கையுறைக்குள்ளும் நுழையாத கதை, பாதிரியார் பிரசங்கத்தில் தூங்கி வழிந்த கதை, எல்லாம் தகரத்தின் வழியாகக் கொஞ்சம் நடுங்கி நடுங்கி வந்து சேரும். அவன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக மல்லாந்து படுத்திருந்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, பஸ்ஸில் இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவன் கேட்டுவிட்டான். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. தார்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவிடம் பேசப்போகிறேன், பதில் அப்போதே உனக்குத் தெரிந்துவிடும் என்றாள். எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு வெளியே மைனஸ் முப்பத்து நான்கு. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவனை மேலே கூப்பிடுவார்கள். அன்று கூப்பிடவில்லை. தார்காவின் அம்மா படிக்கட்டின் மேல்படியில் ஒரு தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் தட்டைத் தொடாமல் கட்டிலின் மேல் ஏறி நின்று குழாயோடு காதை வைத்துக்கொண்டான். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் தன் தலையெழுத்தைப் பற்றிப் பேசும்போது காதைப் பொத்திக்கொள்ள அவன் ஒன்றும் சாமியார் இல்லை.

பெத்ரோவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அந்தத் தகரப் பட்டறைக்காரனையா? சரி, உன் வாயால சொல்லு. அவனைக் கட்டிக்கிறியா, இல்லையா?"

அந்த நொடியில் ஃபர்னஸ் விசிறி ஓடத் தொடங்கியது.

அது கரியடுப்பாக இருந்து எண்ணெய்க்கு மாற்றப்பட்ட கிழட்டு பூதம். விசிறி கிளம்பினால் பேஸ்மென்ட்டே அதிரும், பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அந்தக் குளிரில் ஒரு தடவை கிளம்பினால் எட்டு நிமிடம் ஓயாது. கைக்கெட்டும் தூரத்தில் அதன் சிவப்பு ஸ்விட்ச் இருந்தது. அணைத்துவிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் மைனஸ் முப்பத்து நான்கில் அடுத்தவர் வீட்டு ஃபர்னஸில் கை வைப்பவனை அந்த ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். அவன் கை நீண்டு நீண்டு திரும்பிவந்தது. எட்டு நிமிடம் கழித்து விசிறி நின்றபோது மேலேயிருந்து வந்தது சிரிப்புச் சத்தம். மூன்று பேரும் சிரித்தார்கள். தார்காவின் சிரிப்புதான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது.

அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டான். நான்கு மணிக்கு அவர்கள் மாமா வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் பெட்டியைக் கட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு ரயில் ஏறினான். வடக்கே தாம்ப்சன் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தான். அங்கேயே லிண்டா என்ற பெண்ணைக் கட்டினான். இரண்டு மகள்கள் பிறந்தார்கள், பிறகு கணவனும் மனைவியும் சண்டை சச்சரவு இல்லாமலே பிரிந்தும் போனார்கள். நீ என்றைக்காவது உன் மனசில் இருப்பதை வாய்விட்டுக் கேட்டிருக்கிறாயா என்று லிண்டா போகும்போது கேட்டாள். நுரையீரல் கெட்டுவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியபின் சுரங்கத்தை விட்டு வின்னிபெக் வந்தவர், பார்த்துப் பார்த்துத் தூசியிலேயே இன்னொரு தொழிலைப் பிடித்துக்கொண்டார்.

எங்கே போனாலும் அந்த எட்டு நிமிடம் கூடவே வந்தது. தார்கா என்ன சொன்னாள்? முடியாது என்று சொல்லிவிட்டுச் சிரித்தாளா, அல்லது சிரிப்பு மட்டும்தான் பதிலா? கேவலமாக ஏதாவது சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும் என்று நாற்பத்தோரு வருஷமாக ஏங்கினார். அது தெரியாமல் கண்ணை மூடப் பிடிக்கவில்லை அவருக்கு.

கதவைத் திறந்தது தார்காதான்.

தலை நரைத்து, முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். காலில் தடிமனான கம்பளிக் காலுறை. அந்தக் கண்ணை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. அவளுக்கு அவரைத் தெரிந்த மாதிரி இல்லை. எப்படித் தெரியும்? தலையில் இருந்ததெல்லாம் போய் வயிற்றில் இல்லாதது வந்துவிட்டது. போதாக்குறைக்குத் தொப்பி, தாடையில் தொங்கும் தூசி முகமூடி. காற்றுக்குழாய் ஆள் என்று மட்டும் சொன்னார். பெயர் சொல்ல நா எழவில்லை.

அவள் வேலையை விளக்கினாள். கணவர் ரோமன் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். தனியாக இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி மேய்க்க முடியவில்லை, விற்றுவிட்டாளாம். நவம்பரில் பிராண்டனில் மகள் வீட்டுப் பக்கம் ஒரு சின்ன அபார்ட்மென்ட்டுக்குப் போகிறாளாம். வாங்குகிறவர்கள் குழாயெல்லாம் சுத்தம் செய்து கொடு என்று கேட்டிருக்கிறார்கள். மொத்தம் ஒன்பது காற்றுவாய் என்று சொல்லி பேஸ்மென்ட் கதவைத் திறந்துவிட்டாள்.

ஒரெஸ்ட் இறங்கினார். ஏழாவது படியில் தலையைக் குனிந்தார். அங்கே ஒரு உத்தரம் தாழ்வாக வரும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, புதிதாக வருகிறவன் நெற்றி வீங்காமல் இறங்கியதில்லை. கீழே போய்த் தூணுக்குப் பின்னால் கையை விட்டு விளக்குக் கயிற்றை இழுத்தார். இரண்டும் யோசிக்காமல் உடம்பு தானாகச் செய்த வேலை. மேலே கதவருகில் நின்ற தார்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது அவருக்குத் தெரியாது.

கட்டில் இருந்த இடத்தில் ஊறுகாய் ஜாடிகள் அடுக்கியிருந்தன. கிழட்டு பூதத்தைக் காணோம். அதன் இடத்தில் வெள்ளையாக, குளிர்சாதனப் பெட்டி மாதிரி சத்தமே இல்லாத ஒரு ஃபர்னஸ் நின்றது. தகரக் குழாய்கள் மட்டும் அதேதான். இந்த இடத்தில் படுத்துக்கொண்டு ஒரு பையன் முட்டைக்கோஸ் உருண்டைக்காகக் குழாயைத் தட்டினான் என்று இந்த ஜாடிகளிடம் சொன்னால் நம்புமா?

வேலையை ஆரம்பித்தார். பெரிய குழாயில் வட்டமாக ஓட்டை போட்டு, லாரியிலிருந்து ஜன்னல் வழியாக இழுத்த தடித்த உறிஞ்சு குழாயை அதில் மாட்டினார். இனி மேலே போய்க் காற்றுவாய்களை எல்லாம் தாள் ஒட்டி அடைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, அதற்குள் அழுத்தக் காற்றை விட்டுத் தூசியைக் கீழே விரட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் தூசி அந்த வழியாகக் கிளம்பி வீடெல்லாம் கொட்டும். அதனால் இந்தத் தொழிலில் எண்ணிக்கைதான் முக்கியம். ஒவ்வொரு காற்றுவாய்க்கும் போகும் குழாய்க் கிளைகளைக் கீழே எண்ணினார். பத்து வந்தது. எண்ணாமலே அவருக்குத் தெரியும்.

மேலே போனார். தார்கா சமையலறையில் மேசையருகே உட்கார்ந்திருந்தாள்.

"மிஸஸ் ஸ்டாசியுக், கீழ பத்து கிளை இருக்கு. மேல ஒன்பதுதான் சொன்னீங்க."

"இங்க ஒண்ணு இருந்துச்சு. மூடிட்டேன்."

"அதைத் திறந்தாகணும். எப்ப மூடினீங்க?"

"நாப்பத்தோரு வருஷம் ஆச்சு," என்றாள் தார்கா. "ரோமன் சாகற வரைக்கும் கேட்டுட்டே இருந்தார், எதுக்குடி இந்த ஒரு ரூம் மட்டும் ஐஸ்பெட்டி மாதிரி இருக்குன்னு. ரெண்டு ஜோடி காலுறை போட்டுட்டு சூப் குடிப்பார் பாவம். நான் திறக்க விடலை."

ஒரெஸ்ட் திருப்புளியை எடுத்தார். கழுவுதொட்டிக்குக் கீழே விரிப்பை விலக்கினார். ஒரு பலகை, நான்கு திருகாணி. முழங்கால் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். பலகைக்கு அடியில் பழைய இரும்புச் சல்லடை. சல்லடையைத் தூக்கினால் அதற்கு அடியில், பாத்திரம் துடைக்கும் துண்டு ஒன்று சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. சும்மா அடைப்பதற்குச் செருகிய துண்டாகத் தெரியவில்லை. கோபத்தில் குத்திக் குத்தித் திணித்தது போல இறுகிக் கிடந்தது. அதைப் பிடித்து இழுத்தார்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒரெஸ்ட், எதுக்குப் போனே?"

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டே, எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அந்த உத்தரத்துக்குக் குனிகிற தலை எங்கள் வீட்டு ஆட்களை விட்டால் ஒன்றே ஒன்றுதான் என்றாள் அவள். இதுவரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணமும் சொன்னாள். நீயாகச் சொல்கிறாயா பார்க்கலாம் என்று காத்திருந்தாளாம்.

"நீங்கல்லாம் சிரிச்சீங்க," என்றார் ஒரெஸ்ட். அறுபத்து நான்கு வயதில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "உங்க அப்பா கேட்டார். நீ சிரிச்சே."

"அதுக்கு முன்னாடி நான் சொன்னது?"

"அது கேக்கலை. விசிறி ஓட ஆரம்பிச்சுடுச்சு."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் திறந்த காற்றுவாய் கறுப்பாகக் கிடந்தது.

"கட்டிக்கிறேன்னு அப்பாகிட்ட சொன்னேன்," என்றாள். "அவரைச் சரிக்கட்ட அஞ்சாறு நிமிஷம் ஆச்சு. அப்புறம் எந்திரிச்சு வந்து, இங்கதான் குனிஞ்சு, இதுக்குள்ள வாயை வச்சு உன்கிட்டயும் சொன்னேன். அப்பா சரின்னுட்டார், நான் உன்னைக் கட்டிக்கிறேன், மேல வாடான்னு சொன்னேன். அப்பா பாத்துட்டு, மாப்பிள்ளை கீழ இருக்கற பையனா, இல்ல ஃபர்னஸா, முதல்ல அதைச் சொல்லுன்னார். அதுக்குத்தான் சிரிச்சோம்."

ஒரெஸ்ட் அந்த இரும்புச் சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ தட்டுவேன்னு உக்காந்திருந்தேன்," என்றாள் அவள். "தட்டலை. சரி, வெக்கப்படறான்னு நெனச்சேன். மாமா வீட்ல போய் எல்லாருக்கும் சொல்லியாச்சு. திரும்பி வந்தா ஆணியில சாவி தொங்குது. ஆமான்னு சொன்னதைக் கேட்டுட்டு ஓடிப்போனவன்னுதான் நான் உன்னை நெனச்சேன். மறுநாளே இதை அடைச்சேன்."

"காத்து வந்திருக்குமே. குனிஞ்சப்ப உனக்குத் தெரியலையா?"

"முகத்துல சூடா அடிச்சுது. மேல அது வெறும் காத்துதான் ஒரெஸ்ட். சத்தமே இல்ல. கீழ அது அப்படிக் கத்தும்னு அன்னிக்கு எனக்கு என்ன தெரியும்? ஃபர்னஸ் பக்கம் அப்பாதான் போவார். நீ குடிவந்தப்புறம் கீழ இறங்கவே என்னை அவர் விட்டாரா?"

உண்மைதான். அவர் ஆயிரம் வீட்டு ஃபர்னஸ்களைப் பார்த்தவர். கீழே இடி இடித்தால் மேலே மூச்சுக்காற்றுதான் வரும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியவில்லை. ஃபர்னஸ் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பூதம் எந்தக் குப்பைமேட்டில் துருப்பிடித்துக் கிடக்கிறதோ, எதிர்த்துப் பேசவா போகிறது? ஆனால் அவருக்கே அது பொய் என்று பட்டது. அழுகை வந்தது. தூசிக் கையால் முகத்தைத் துடைத்து இன்னும் கறுப்பாக்கிக்கொண்டார்.

"ஃபர்னஸ் மேல தப்பில்ல தார்கா. பன்னண்டே படி. ஏறி வந்து, என்னடி சொன்னேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்," என்றாள் தார்கா.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நாற்பத்தோரு வருஷத்தைப் பரவாயில்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? இருவரும் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே லாரி நின்றது. அடுத்த முகவரிக்காரர் இந்நேரம் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பார். ஒரெஸ்டுக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. தெரிந்தால் போதும் என்றுதானே இவ்வளவு காலம் ஏங்கினார்? தெரிந்துவிட்டது. போதவில்லை. பஸ் கம்பியைப் பிடித்து நின்ற நாளில் வந்த தைரியம், அதற்குப்பின் ஒரு நாளும் வராத தைரியம், இப்போது கொஞ்சம் எட்டிப்பார்த்தது.

"இப்பக் கேக்கட்டுமா?"

தார்கா அவரை நன்றாகப் பார்த்தாள். முகமூடி, தொப்பி, கறுத்த கன்னம், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"வேண்டாம். அன்னிக்குச் சொன்ன ஆமா அந்தப் பையனுக்குச் சொன்னது. அவன் வரலை. உன்னை எனக்கு யாருன்னே தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். அதில் அவருக்கு மறுப்பு இல்லை. திருகாணிகளைப் பொறுக்கி எடுக்கக் கையை நீட்டினார். தார்கா மேசைக் காலைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"டீ போடறேன்," என்றாள். "சர்க்கரை எவ்வளவு போடுவே? அது எனக்குத் தெரியாது."